எந்தப் பக்கம் ஆள் கம்மி?

சுகந்தி,

நீ ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப்போகிறாய் என்பது பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன் ஊர் தென்கரைக்கும் நான் இருக்கும் வடகரைக்கும் நடுவில் ஓடுவது ஒரே ஒரு வடிகால் வாய்க்கால். இந்தக் கரையில் நின்று குரல் கொடுத்தால் அந்தக் கரையில் கேட்கும். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, பெற்ற மகளின் சங்கதியைப் பால்காரர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் இன்னொன்றும் சொன்னார். மகளிர் குழுக் கூட்டத்தில் நீ எழுந்து, "இன்னொரு தடவ வெள்ளம் வந்து ஆபீசர் கேட்டா, வடகரையில ஆளே இல்ல, அங்க கரைய வெட்டுங்கன்னு சொல்லுவேன்" என்று பேசினாயாம். எல்லாரும் கைதட்டினார்களாம். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பால் ஒரே தண்ணீராக இருக்கிறது என்று சத்தம் போட்டு அவரை அனுப்பிவைத்தேன். அன்று பால் நன்றாகத்தான் இருந்தது.

உனக்குப் போன் செய்தால் "சரி", "ம்", "அப்புறம் பேசறேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. கைதட்டியவர்களுக்கும் படித்துக் காட்டு. மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. உன் அம்மாவுக்கு அந்த வழக்கம் இல்லை என்பது உனக்கே தெரியும்.

நான் சீர்காழிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தபோது, மன்னார்குடியில் பஸ் ஏறி இறங்கியதும் எனக்கு முதலில் விளங்காதது இந்த மண்ணின் மட்டம்தான். அங்கேயும் வயல்தான், ஆனாலும் இங்கே மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் தாம்பாளம் மாதிரி. தண்ணீருக்கே எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்து முடித்து, மிச்சம் மீதி இருந்தால் ஆடியில் நமக்கு வரும், சில வருஷம் வராமலே போகும். அதற்கு ஒரு சண்டை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது அத்தனை ஊர்த் தண்ணீரும் வடிந்து நம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு சண்டை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இல்லை என்றும் மீதி நாள் தண்ணீர் போகவில்லை என்றும் மனு எழுதுகிற ஜனம் நாம்.

அந்தத் தண்ணீர் போகிற வழிதான் கோணவாய்க்கால். பெயருக்கு ஏற்ற மாதிரி நெளிந்து நெளிந்து போகும். அதன் நடுவில்தான் இரண்டு ஊராட்சிக்கும் எல்லை என்று வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். வடக்குப் பாதி எங்களுடையது, தெற்குப் பாதி உங்களுடையது. நான் தலைவராக இருந்தபோது நூறு நாள் வேலையில் வாய்க்காலில் மண்டிக்கிடந்த வெங்காயத்தாமரையை எடுக்கச் சொன்னேன். எங்கள் ஆட்கள் எங்கள் பாதியில் இருந்ததை இழுத்து உங்கள் பாதியில் தள்ளிவிட்டு, சுத்தம் செய்தாயிற்று என்று மேலே ஏறிவந்தார்கள். அடுத்த மாதம் உங்கள் ஆட்கள் இறங்கி அதையே எங்கள் பாதிக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு ஊரிலும் வேலை நடந்தது, இரண்டு ஊரிலும் போட்டோ எடுத்து அனுப்பினார்கள், தாமரை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போது நானும் உன் மாமனாரும் பாலத்தில் நின்று அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர்தான் அப்போது தென்கரைத் தலைவர். "சம்பந்தியம்மா, இதுக்கும் ஒரு கல்யாணம் பண்ணி வச்சிரலாமா?" என்று கேட்டார். சிரித்திருக்கக் கூடாது. வாய்க்கால் அப்போதே தூர்ந்துகொண்டிருந்தது.

அவர் கல்யாணம் என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த இரண்டு ஊருக்கும் ஒரு பழக்கம் உண்டு, உனக்குச் சின்ன வயதில் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு தலைக்கட்டிலும் ஒரு பெண்ணையாவது எதிர்க்கரையில் கொடுப்பார்கள். வெள்ளக்காலத்தில் தன் ஊரைக் காப்பாற்ற எதிர்க்கரையை வெட்டிவிடத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். அங்கே மகளோ அக்காவோ அடுப்பெரித்துக்கொண்டிருந்தால் மண்வெட்டி தூக்குகிறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான். அதற்காகத்தான். உன்னைப் பெண் கேட்டு அவர்கள் வந்தபோது மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, நல்ல குணம் என்று உன்னிடம் சொன்னேன். அதெல்லாம் உண்மைதான். உன் அப்பா அன்றைக்குச் சமையலறையில் என்னிடம் மட்டும் சொன்னது வேறு: "தென்கரையில நமக்கு யாருமில்ல. புள்ளைய அங்க குடுத்தா நல்லது." உன்னைக் கரைக்குக் காவல் வைத்தோம் என்று வைத்துக்கொள். கோபப்படாதே, உன்னை எடுத்துக்கொண்டவர்களும் அந்தக் கணக்கில்தான் எடுத்தார்கள்.

அந்தக் கார்த்திகை வெள்ளத்துக்கு வருகிறேன். மழை விட்ட நேரத்திலும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறதா? தூர் கட்டி நின்ற சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. வடிகிற தண்ணீரைக் கடல் உள்ளே வாங்கவில்லை என்றார்கள். மத்தியானம் அதிகாரி ஜீப்பில் வந்து பாலத்தில் நின்றார். பின்னாலேயே ஒரு பொக்லைன் வந்தது. என்னையும் உன் மாமனாரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். சட்டை முழுக்க நனைந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "தானா உடைஞ்சா எங்க உடையும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. நாமளே ஒரு பக்கம் வெட்டி விட்டுட்டா, முன்னாடியே ஆளுங்கள வெளியேத்திடலாம். எந்தப் பக்கம் ஆள் கம்மி?" என்று கேட்டார். எந்த ஊர் வேண்டாம் என்று எங்களையே சொல்லச் சொன்னார். பொக்லைன் ஓட்ட வந்த தம்பி எந்த ஊரோ, அவனுக்கு இரண்டு கரையிலும் யாருமில்லை.

உன் மாமனார் முதலில் பேசினார். "பேருக்குத்தான் சார் எங்க ஊரு பெருசு. பாதி ஜனம் திருப்பூர்ல கெடக்கு. இப்ப வீட்ல இருக்கறது வயசானதுங்களும் மாசமா இருக்கற பொண்ணுங்களும் தான்" என்று தொடங்கி, தெருத் தெருவாக எத்தனை பேர் என்று விரல் விட்டுச் சொன்னார். ஒரு ஆளைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அவர் நினைத்தது என்ன தெரியுமா? படகு அனுப்பவும் சாப்பாடு கொடுக்கவும் கேட்கிறார்கள் என்று நினைத்தார். கேள்வியின் முன்பாதியை அவர் சரியாக வாங்கவில்லை, மழைச் சத்தம். எனக்கு முழுக்கக் கேட்டது. நான் அவர் பக்கம் திரும்பி, சம்பந்தி, அவர் கேட்பது அதற்கில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் முறை வந்தபோது ரேஷன் கார்டில் இருக்கிற அத்தனை தலையையும் சொன்னேன். சிங்கப்பூரில் இருக்கிற உன் தம்பியைச் சொன்னேன். சென்னைக்குக் குடும்பத்தோடு போய்விட்டவர்களைச் சொன்னேன். பொங்கலுக்கு மட்டும் பூட்டைத் திறக்கிற வீடுகளை எல்லாம் சொன்னேன். கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரை நீக்காத கார்டுகள் ஊரில் எத்தனையோ இருந்தன, நம் வீட்டுக் கார்டும் அதில் ஒன்று. உன் பெயர் அதில் இருந்தது சுகந்தி. தென்கரையில் கைக்குழந்தையோடு நீ உட்கார்ந்திருந்த நேரத்தில், உன்னை வடகரை ஆள் என்று எண்ணி, தென்கரையை வெட்டினார்கள்.

நான் பொய் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரசாங்கம் கொடுத்த கார்டு, அரசாங்கம் எழுதிய பெயர். என்னை நம்பி ஓட்டுப் போட்ட ஊர் என் பின்னால் நின்றது. இன்னொரு தலைவர் என் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். இதெல்லாம் சரியான வாதம். யாரிடம் வேண்டுமானாலும் பேசி ஜெயிப்பேன். உன்னிடம் மட்டும் பேச வாய் வரவில்லை.

வெட்டுவதற்கு முன்னால் உங்கள் ஊரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற அவகாசம் கொடுத்தார்கள். உன் மாமனார் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பினார். நான் இந்தக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் கரைமேல் ஏறி, தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். "சம்பந்தியம்மா, சாப்ட்டீங்களா?" வழக்கமாகக் கேட்கிறதுதான். வாய்க்காலுக்கு வருகிறபோதெல்லாம் இதைக் கேட்காமல் அவர் போனதில்லை. அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும், விளங்கியும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. காதில் விழாதவள் மாதிரித் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். கார்டு விஷயம்கூட எனக்கு ஒரு மாதிரி ஆறிவிட்டது. இது ஆறவில்லை. சாப்பிட்டேன் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை, அவ்வளவுதானே அவர் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் அவர் எல்லாரையும் எண்ணிப் பார்த்தாராம். பாலத்தில் சொன்ன கணக்கு சரியாக இருந்ததாம். அப்புறம் கட்டிக்கிடந்த கன்றை அவிழ்க்கிறேன் என்று திரும்பிப் போனார். ஊறிக்கிடந்த கொட்டகைச் சுவர் அவர்மேல் சரிந்தது. துக்கத்துக்கு நான் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தேன். பொம்பளைகள் எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான் உன் பக்கத்தில் வந்து கையை நீட்டினேன். நீ கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்தபடியே இருந்தாய். உன் மாமியார்தான் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாளுக்கு நான் பாலத்தில் சொன்னது அப்போது தெரியாது.

அதற்கப்புறம் என் பதவிக்காலம் முடிந்தது. இப்போது இரண்டு ஊரும் யூனியன் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற ஒரு தனி அலுவலர் கையில் இருக்கின்றன. அவருக்கு எந்தக் கரை எந்தப் பக்கம் என்று தெரியுமா என்பதே சந்தேகம். தேர்தல் வரும் என்கிறார்கள். நீ ஜெயிப்பாய். மாமனார் பெயர் இருக்கிறது, அனுதாபம் இருக்கிறது, அதைவிட உனக்குப் படிப்பும் வாயும் இருக்கின்றன. மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனாலும் தலைவர் நாற்காலியில் அவரை ஒருநாள்கூட உட்கார விடாதே. நான் முதன்முதலில் ஜெயித்தபோது வாசலில் வருகிறவர்கள் என்னிடமே "தலைவர் இருக்காங்களா?" என்று கேட்டு உன் அப்பாவைத் தேடுவார்கள். "இருக்கேன், சொல்லுங்க" என்பேன். பழக அவர்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. தெரு விளக்கு எரியவில்லை என்று வருகிறவர்களிடம் எரிந்து விழாதே, அவர்களுக்கு அது பெரிய விஷயம். உனக்குப் பெரிய விஷயம் வாய்க்கால். சித்திரை வெயிலில், அது காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது, யாருக்கும் அதன் நினைப்பே இல்லாதபோது, தலைப்பிலிருந்து கடைசிவரை ஒருமுறை நட. எங்கே மண் ஏறியிருக்கிறது, எங்கே மதகு அடைபட்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். நான் அதை மழைக்காலத்தில்தான் போய்ப் பார்த்தேன். அந்தப் பாதி இந்தப் பாதி என்று பார்க்காமல் முழு வாய்க்காலையும் தூர் வார வேண்டும் என்று இரண்டு ஊர் கிராம சபையிலும் ஒரே நாளில் ஒரே தீர்மானம் போட முடிந்தால் போடு. என் காலத்தில் எனக்கும் உன் மாமனாருக்கும் அது தோன்றாமல் இல்லை. உறவு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

அப்படித் தூர் வாருவதற்குள் இன்னொரு கார்த்திகை வந்துவிடும் என்றுதான் நான் நினைக்கிறேன். நமக்கு எப்போதுமே அப்படித்தான். பாலத்தில் மறுபடியும் ஒரு ஜீப் வந்து நிற்கும், ஒருவர் இறங்கி அதே கேள்வியைக் கேட்பார். வடகரையில் ஆளே இல்லை என்று சொல்வேன் என்றாய் அல்லவா? தாராளமாகச் சொல். அது இப்போது ஏறக்குறைய உண்மை. நம் தெருவில் சாயங்காலம் விளக்கு எரிகிற வீடு என்னுடையதும், எதிரில் காது கேளாத வாத்தியாருடையதும்தான். கீழத்தெருவில் எல்லாம் பூட்டு. கோயில் திருவிழாவுக்குத் தேர் இழுக்க ஆள் போதாமல் டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். நடவுக்கு வந்த வடநாட்டுப் பிள்ளைகள் மோட்டார் கொட்டகையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ஊரில் இப்போது கொஞ்சமாவது பேச்சுச் சத்தம் கேட்கிறது என்றால் அது அவர்களுடையது, ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. அவர்களை நானும் அன்றைக்கு எண்ணவில்லை. எந்தக் கார்டிலும் இல்லாதவர்களை யார் எண்ணுகிறார்கள்? நீ எண்ணும்போது அவர்களைச் சேர்த்துக்கொள், அது மட்டும் சொல்கிறேன்.

உன் தம்பி தினமும் போனில் கத்துகிறான். மன்னார்குடியில் வீடு கட்டிப் பூட்டி வைத்திருக்கிறான், அங்கே போய் இரு, மேட்டில் இருக்கிறது, தண்ணீர் வராது என்கிறான். "அம்மா, யாருக்காக அங்க ஒக்காந்திருக்க?" என்று நேற்றுக் கேட்டான். அவனிடம் மாட்டைச் சொன்னேன், வயலைச் சொன்னேன். மாட்டைப் போன மாதமே விற்றாயிற்று, வயல் குத்தகைக்குப் போய்விட்டது. உண்மையை உன்னிடம் சொல்கிறேன். தென்கரையை வெட்டும்போது அங்கே நீ இருந்தாய், அது தெரிந்தும் நான் வாயைத் திறந்தேன். பெண்ணைக் கொடுத்துக் கரையைக் காத்த பழக்கம் என்னோடு முடிந்தது. இனி இந்தக் கரையில் உனக்கு யாரும் இல்லை என்றால் நீ யோசிக்காமல் சொல்லிவிடுவாய், சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்வாய். நீ அப்படி ஆகக்கூடாது. நீ ஒரு நிமிஷம் யோசிக்க இந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் இருக்கிறேன். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தாலே சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

உன் அப்பா பெயரை அவர் இறந்தபோதே ரேஷன் கார்டில் எடுத்தாயிற்று, இப்போது உன் பெயரையும் உன் தம்பி பெயரையும் நீக்கிவிட்டேன். இனி அதில் நான் ஒருத்திதான். அந்த நாள் வந்தால் அதிகாரியிடம் பொய் சொல்லாதே, என்னைக் காப்பாற்றக்கூடச் சொல்லாதே. வடகரையில்தான் ஆள் கம்மி என்றால் வடகரை என்று சொல். ஆனால் பொக்லைனைக் கிளப்பச் சொல்வதற்கு முன்னால் கரைமேல் வந்து நில். உன் மாமனார் நின்ற இடத்தில். அங்கிருந்து என்னைப் பார்த்து, "சாப்டியாம்மா?" என்று ஒரு குரல் கொடு. நான் வாசலில்தான் நிற்பேன், இந்தத் தடவை பதில் சொல்வேன். அதைக் கேட்டுவிட்டு வெட்டச் சொல்.

அம்மா